பிரேக் மாமாவின் புதுத்தோல்

என் அக்காவின் கணவருடைய வலது காது ஆறுவதில் யாருக்கும் ஆட்சேபணை இருந்ததில்லை. ஆறிவிட்டது என்று வாயைத் திறந்து சொல்வதற்குத்தான் ஐந்து மாடிக் கட்டடம் ஒன்று தயங்கியது. நான் சாவிக்கு நகல் போட்டுக் கொடுக்கும் கடை வைத்திருப்பவன். பூட்டு திறந்ததா இல்லையா என்பதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது. அதனால்தான் அந்தக் கட்டடத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அக்காவின் கணவரை ஊரில் எல்லாரும் பிரேக் மாமா என்பார்கள். டிரைவிங் ஸ்கூலில் வாத்தியார். கற்றுக்கொடுக்கிற காரில் வாத்தியாருடைய காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். அதை மிதித்து மிதித்து அவருடைய வலது செருப்பு மட்டும் சீக்கிரம் தேய்ந்துபோகும். ஓட்டப் பழகுகிறவர்கள் அவருக்கு வலப்பக்கம் உட்காருவார்கள். அவருக்குக் கேட்காத காதும் வலது காதுதான். இப்படி ஒரு ஏற்பாட்டை யார் செய்தார்களோ, பல வருஷம் அது எப்படியோ ஓடிக்கொண்டிருந்தது.

ஒரு நாள் புதிதாகப் பழக வந்த தையல்காரம்மா, "சார், பிரேக் எதுங்க?" என்று கேட்டிருக்கிறார். மாமா இடப்பக்கக் கண்ணாடியைப் பார்த்தபடியே, "நல்லா ஓட்டுறீங்க, அப்படியே போங்க" என்றார். தையல்காரம்மா சொன்ன சொல் தட்டாதவர். அப்படியே போனார். கார் ஒரு மெத்தைக் கடைக்குள் புகுந்து, இருப்பதிலேயே பெரிய மெத்தையின்மேல் ஏறி நின்றது. யாருக்கும் ஒரு கீறல் இல்லை. மெத்தைக்கும் இல்லை. கடைக்காரர் அதைப் படம் பிடித்துப் பெரிதாக்கி வாசலில் மாட்டிவிட்டார். அன்றிலிருந்து அவருக்கு வியாபாரம் அமோகம்.

மாமாவுக்குத்தான் வேலை போகும்போல் ஆகிவிட்டது. டிரைவிங் ஸ்கூல் முதலாளியம்மா கோபக்காரர் இல்லை, ஆனால் சொன்னால் சொன்னதுதான்.

"காதைச் சரி பண்ணிக்குங்க. சரியாயிடுச்சுன்னு எழுதி வாங்கிட்டு வாங்க. அதுவரைக்கும் அந்தப் பிரேக்குல உங்க கால் படக் கூடாது."

காதுக்குப் பின்னால் இருக்கும் எலும்பில் மாமாவுக்கு வெகுநாளாகச் சீழ். ஆஸ்பத்திரியில் கத்தி டாக்டர் என்று பெயர் வாங்கியிருந்தவர் அதைக் குடைந்து சுத்தம் செய்து, கிழிந்த ஜவ்வுக்கு ஒட்டும் போட்டார். அதிகம் பேசாத மனிதர். கட்டுப் போட்டுவிட்டு எங்களிடம் சொன்னது இவ்வளவுதான்:

"குடைஞ்ச இடத்துல புதுத்தோல் வளரணும். வளர்ந்து நல்லாக் காஞ்சா கேக்கும். அதுவரைக்கும் நோண்டாதீங்க."

கடைசி வார்த்தையை எங்கள் குடும்பம் வேதவாக்காக எடுத்துக்கொண்டது. மாமாவுக்குச் சாவியால் காது குடைகிற பழக்கம் உண்டு என்பதால், அக்கா வீட்டிலிருந்த சாவிகளையெல்லாம் பொறுக்கி என் கடையில் கொண்டுவந்து வைத்துவிட்டாள். பீரோவைத் திறக்கவேண்டும் என்றால்கூட என்னிடம்தான் வரவேண்டும்.

காது மளமளவென்று ஆறியது. மாமா கத்தி டாக்டரிடம் போய், சரியாகிவிட்டதாக ஒரு சர்ட்டிபிகேட் கேட்டார். டாக்டர் மேலே கையைக் காட்டினார்.

"ஆபரேஷன் பண்றதுதான் எங்க வேலை. ஆறிடுச்சுன்னு சொல்றது மேல் மாடி."

மேல் மாடியில் 'மறுவளர்தோல் காவல் செல் ஆய்வு மையம்' இருந்தது. பெயர்ப் பலகை நீளத்துக்குச் சுவர் போதாமல், கடைசி வார்த்தை அடுத்த அறையின் வாசலுக்குப் போயிருந்தது. அந்த அறை கழிப்பறை.

உள்ளே ஒரு நுண்ணோக்கி அம்மா எங்களை அன்பாகவே வரவேற்றார். மாமாவின் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்தார்.

"புதுத்தோல் அழகா வந்திருக்கு. இதுல காவல் செல்கள் எப்படி இருக்குன்னு பாத்துட்டா சர்ட்டிபிகேட் கொடுத்துடலாம்."

"அது யாருங்க காவல்?" என்றார் மாமா.

"நம்ம தோல்ல எல்லாருக்கும் இருக்கிறதுதான். சின்னச் சின்னக் கைகளை நீட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்கும். கிருமி, தூசின்னு வெளியாள் யாராவது நுழைஞ்சா பிடிச்சு, உள்ள இருக்கிற படைக்குத் தகவல் அனுப்பும். தோலைக் கொஞ்சம் கீறினாலே போதும், கூட்டம் கூடிடும்."

இதைச் சொல்லிவிட்டு அவர் ஒரு குட்டிக் கரண்டியை எடுத்து மாமாவின் புதுத்தோலைக் கீறினார்.

அந்த மையத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் பார்த்ததை அவருக்கு மேலே இருப்பவர் தாமே பார்க்காமல் நம்பக் கூடாது. நுண்ணோக்கி அம்மா செல்களை எண்ணி முடித்ததும், சரிபார்ப்பாளர் ஒருவர் சற்றுப் பெரிய கரண்டியோடு வந்தார். அவருக்குப் பிறகு, சரிபார்த்ததைச் சரிபார்ப்பவர் இன்னும் பெரிய கரண்டியோடு வந்தார். பதவி உயர உயரக் கரண்டியும் உயர்ந்தது. கடைசியில் இயக்குநர் வந்தார். அவருடைய கரண்டிக்குத் தந்தப் பிடி, வெல்வெட் உறை, அதைத் தூக்கிவர ஒரு கடைநிலை ஊழியர். மாமா கண்ணை மூடிக்கொண்டு நாற்காலியின் காலடியில் இல்லாத பிரேக்கை அழுத்தி அழுத்தி மிதித்துக்கொண்டிருந்தார்.

விஷயம் என்னவென்றால், நுண்ணோக்கி அம்மா எண்ணியதைவிடச் சரிபார்ப்பாளருக்குச் செல்கள் அதிகம் கிடைத்தன. அவரைவிட அடுத்தவருக்கு அதிகம். இயக்குநருக்குக் கிடைத்தது எல்லாவற்றிலும் அதிகம்.

"அனுபவம்," என்றார் இயக்குநர், கரண்டியைத் துடைத்தபடி. "நான் எடுக்கும்போதுதான் செல்கள் முழுசா ஒத்துழைக்குது." பிறகு மாமாவின் தோளில் கை வைத்தார். "இது சாதாரணக் காது இல்லீங்க. நாளைக்கும் வாங்க."

"சர்ட்டிபிகேட்டு?"

"காவல் இவ்வளவு பலமா இருக்கிற இடத்தை ஆறிடுச்சுன்னு எப்படி எழுத முடியும்? கூட்டம் கொஞ்சம் குறையட்டும்."

கூட்டம் எங்கே குறைந்தது? மாமா தினமும் போனார். தினமும் நான்கு கரண்டிகள் வரிசையாக உள்ளே போய்வந்தன. காய்ந்திருந்த காது மறுபடி சிவந்து ஈரம் கசிந்தது. ஈரம் கசிவதால் மருந்துத் திரி வைத்து அடைத்தார்கள். அடைத்ததால் கொஞ்சம் கேட்க ஆரம்பித்திருந்ததும் நின்றுபோயிற்று. இதையெல்லாம் மையம் மிகுந்த உற்சாகத்தோடு குறித்துக்கொண்டது.

ஒரு நாள் இயக்குநர் இன்னொரு உத்தரவு போட்டார். சத்தம் காதுக்குள் போனால் தோல் அதிரும், அதிர்ந்தால் செல்கள் கலையும். ஆகவே ஆய்வு முடிகிறவரை மாமா அந்தக் காதால் கேட்கக் கூடாது.

அக்கா அன்றைக்குக் கூட வந்திருந்தாள். "கேக்கறதுக்குத்தானே சார் ஆபரேஷன் பண்ணினது?"

"கேக்கறதுக்குத்தாம்மா. ஆனா ஆபரேஷன் பண்ணினவங்க எல்லாம் உடனே கேக்க ஆரம்பிச்சுட்டா நாங்க எதை வச்சு ஆராய்ச்சி பண்றது?"

மாமாவின் காதுமடலில் நூல் கட்டிச் சின்னப் பலகை ஒன்றைத் தொங்கவிட்டார்கள். 'ஆய்வு நடைபெறுகிறது. சத்தம் போடாதீர்.' அதோடு மாமா பஸ்ஸில் வந்தார். பக்கத்தில் நின்றவர்கள் படித்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்கள். அவர்களைப் பார்த்து மற்றவர்களும் தாழ்த்தினார்கள். கண்டக்டர்கூட டிக்கெட் டிக்கெட் என்பதை உதடசைவில் கேட்டார். தூங்கிக்கொண்டிருந்த ஒருவர் அந்த அமைதியில் பயந்து விழித்து, பஸ் எங்கேயோ பழுதாகி நின்றுவிட்டது என்று நினைத்து ஓடும் பஸ்ஸிலிருந்து இறங்கப் பார்த்தார்.

வீட்டில் நிலைமை சிரிப்பாக இல்லை. டிரைவிங் ஸ்கூலில் மாமாவின் இடத்துக்கு ஒரு தற்காலிக வாத்தியாரைப் போட்டிருந்தார்கள். வாயில் விசிலை வைத்துக்கொண்டே பாடம் நடத்துகிறவர். ஒரு விசிலுக்குக் கிளச்சு, இரண்டுக்குக் கியர், நீளமாக ஊதினால் பிரேக். முதலாளியம்மா மாமாவைக் கூப்பிட்டு, "மாசக் கடைசி வரைக்கும் பாப்பேன். அப்புறம் விசில்காரரையே நிரந்தரமாக்கிடுவேன், தப்பா நினைக்காதீங்க" என்று சொல்லிவிட்டார்.

மாமா ஜன்னலோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். தெருவில் டிரைவிங் ஸ்கூல் கார் விசில் சத்தத்தோடு போகும். அவருக்கு அந்த விசில் இடது காதில்தான் கேட்கும். திருப்பத்தில் கார் வேகமாக வந்தால், அவருடைய வலது கால் தானாகத் தரையை மிதிக்கும். அந்த இடத்தில் தரையின் பூச்சே மங்கிவிட்டது.

அக்கா பொறுக்க முடியாமல் ஒரு நாள் இயக்குநரின் அறைக்கே போய்விட்டாள். நானும் பின்னாலேயே போனேன்.

"சார், உங்களுக்குப் புண்ணியமாப் போகும். நாலு நாள் கையை வைக்காம விட்டுப் பாருங்களேன்."

இயக்குநர் கோபப்படவில்லை. விவரம் தெரியாதவர்களிடம் காட்டுகிற பரிவோடு சிரித்தார்.

"கையை வைக்காம விட்டா என்ன ஆகும்னு தெரிஞ்சுக்கணும்னா, என்ன ஆச்சுன்னு பாக்க அப்பப்ப கையை வைக்கணுமேம்மா."

படி இறங்குகிறபோது அக்கா, "அந்தாளு சொன்னதுல எங்கேயோ ஓட்டை இருக்குடா, எங்கேன்னுதான் தெரியல" என்றாள்.

அந்த ஓட்டையை இயக்குநரே ஒரு கூட்டத்தில் மைக் முன்னால் நின்று காட்டினார். பிற ஆய்வு மையங்களிலிருந்து பெரியவர்கள் மாமாவின் காதைப் பார்க்க வந்திருந்தார்கள். மேடையில் மாமாவை ஒரு சுழல் நாற்காலியில், வலது காது சபையைப் பார்க்கிற மாதிரி உட்காரவைத்தார்கள். முகம் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. முகத்தைப் பார்க்க யாரும் வரவில்லை. காதின்மேல் கட்டியிருந்த பட்டித்துணியைத் தலைமை விருந்தினர் கத்தரிக்கோலால் வெட்டித் திறந்துவைத்தார். கைதட்டல் ஓய்ந்ததும் இயக்குநர் பேசினார்.

"அன்பார்ந்தவர்களே, திங்கட்கிழமை காலையில் இந்தக் காதைத் திறக்கிறோம். செல்கள் மிகக் குறைவாக இருக்கின்றன. வெள்ளிக்கிழமை வரை நாள்தோறும், அதிகாரிகள் நிலையில், தவறாமல் மாதிரி எடுக்கிறோம். வெள்ளிக்கிழமை பார்த்தால் செல்கள் திரண்டு நிற்கின்றன. சனி, ஞாயிறு எங்களுக்கு விடுமுறை. திங்கட்கிழமை வந்தால் மறுபடியும் செல்களைக் காணவில்லை. இதிலிருந்து நாம் அறிவது என்ன?"

முன்வரிசையின் ஓரத்தில் உட்கார்ந்திருந்த கத்தி டாக்டர் தலையைக் கவிழ்த்துக்கொண்டார்.

"மையம் வேலை செய்யும் நாட்களில் செல்களும் வேலைக்கு வருகின்றன. மையத்துக்கு விடுமுறை என்றால் அவையும் விடுமுறை எடுத்துக்கொள்கின்றன. ஆய்வு செய்யப்படும் பொருளுக்கும் ஆய்வாளருக்கும் இடையே இப்படி ஒரு இணக்கம் இதற்கு முன் எங்கும் பதிவானதில்லை. சென்ற மாதம் நான் மூன்று நாள் உடல்நலமின்றி விடுப்பில் இருந்தேன். நம்புங்கள், அந்த மூன்று நாளும் இந்தச் செல்கள் சோர்ந்து போயிருந்தன."

இதைச் சொன்னபோது அவருடைய குரல் உண்மையாகவே தழுதழுத்தது. சபை எழுந்து நின்று கைதட்டியது. சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த மாமா, எல்லாரும் எழுந்ததை நாற்காலிகள் நகர்ந்த அதிர்வில் உணர்ந்து, கூட்டம் முடிந்துவிட்டது என்று தாமும் எழுந்தார். காது ஆடக் கூடாது என்று இருவர் வந்து உட்காரவைத்தார்கள்.

அக்கா என் கையைப் பிடித்துக் கிள்ளினாள். "கேட்டியாடா? ஓட்டை கிடைச்சுடுச்சு." ஆனால் கிடைத்து என்ன செய்ய? அந்தச் செல்கள் வெளியாள் நுழைந்தால் கூடுகிறவை. நுழைகிற வெளியாட்களோ மாலை ஐந்து மணிவரை வேலை பார்க்கிற அரும்பெரும் அதிகாரிகள். செல்லும் தன் கடமையைத்தான் செய்தது, அவர்களும் தங்கள் கடமையைத்தான் செய்தார்கள். இரண்டுக்கும் நடுவில் கிடந்தது மாமாவின் காது.

எங்களைக் காப்பாற்றியது நியாயமும் இல்லை, அறிவும் இல்லை. ஒரு மாநாடு. அந்தக் காதின் புகழ் பரவி, கடல் தாண்டிய ஊரிலிருந்து மையத்துக்கு அழைப்பு வந்தது. இயக்குநர் முதல் கரண்டி தூக்குகிற ஊழியர் வரை எல்லாரும் கிளம்பினார்கள். கதவு உயரத்துக்குக் காதின் படம் ஒன்றும் போயிற்று. காது போகவில்லை. மாமா கேட்டதற்கு, "பயணச் செலவு ஊழியர்களுக்கு மட்டும்தான், காது எங்க ஊழியர் கிடையாதே" என்று சொல்லிவிட்டார்கள்.

பழக்கதோஷத்தில் மாமா மறுநாளும் போனார். மேல் மாடி பூட்டியிருந்தது. காவலாளி ஸ்டூலில் சாய்ந்திருந்தார்.

"யாரும் இல்லீங்க. ஏதோ காதைப் பத்திப் பேசப் போயிருக்காங்க."

மாமா வீட்டுக்கு வந்து படுத்துக்கொண்டார். அடுத்த நாளும் படுத்துக்கொண்டார். திரியை மாற்றுவதற்கும் ஆள் இல்லாததால் அது தானாக விழுந்தது. ஈரம் நின்றது. சிவப்பு வற்றியது.

அன்றைக்குப் பீரோ சாவியைக் கொடுப்பதற்காக நான் போயிருந்தேன். அக்கா சமையலறையிலிருந்து வழக்கம்போல, "டீ போடட்டுமா" என்று கத்தினாள். பல வருஷமாக அந்த வீட்டில் அப்படித்தான். அடுத்த வீட்டுக்காரர்கூடச் சில நாள் 'போடுங்க' என்று பதில் சொல்லுவார். மாமா நாற்காலியில் துள்ளி விழுந்து வலது காதைப் பொத்திக்கொண்டார்.

"ஏன் இப்படிக் கத்துற? காதுல விழுது."

அக்கா கரண்டியோடு வாசலில் வந்து நின்றாள். "எந்தக் காதுல?"

மாமா பொத்தியிருந்த கையை மெதுவாக எடுத்தார். "மெதுவாப் பேசு பாப்போம்."

அக்காவுக்கு மெதுவாகப் பேசுவது எப்படி என்று மறந்துபோயிருந்தது. வாயைத் திறந்தாள், பெரிதாக வந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி பார்த்தாள். அவருடைய வலப்பக்கம் போய் நின்று, குனிந்து, யாருடைய குரலோ போன்ற ஒரு சின்னக் குரலில், "சக்கரை தீந்துபோச்சு" என்றாள்.

"தீந்துபோச்சா?" என்றார் மாமா. அவர் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. "இன்னொரு தடவை சொல்லு."

அவள் இன்னொரு தடவை சொன்னாள். நான் சாவியை ஆணியில் மாட்டுவதுபோல் சுவர்ப் பக்கம் திரும்பி அழுதேன். சர்க்கரை தீர்ந்ததற்கு ஒரு வீட்டில் மூன்று பேர் அப்படி அழுதிருக்க மாட்டார்கள்.

மாநாட்டிலிருந்து திரும்பிய மையம், கழற்றாத மாலைகளோடு மாமாவைக் கூப்பிட்டு அனுப்பியது. மாசக் கடைசிக்கு இன்னும் சொற்ப நாள்தான் இருந்தது. இயக்குநர் தந்தப் பிடிக் கரண்டியை ஒரு கையில் வைத்துக்கொண்டு மறு கையால் விளக்கடித்தார். விளக்கை அணைத்தார். மறுபடி அடித்தார்.

"எங்க போச்சு?"

"எதுங்க?"

"செல்லுங்க. எங்க செல்லுங்க. தோல் காஞ்சு வெளுத்துக் கிடக்கு. சுரண்டினா வர்றதுக்குக்கூட ஒண்ணும் இல்ல." அவர் முகம் தொங்கிப்போயிற்று. "நாங்க இல்லாத சமயத்துல யாரோ இந்தக் காதைச் சும்மா விட்டிருக்காங்க."

எல்லாரும் காவலாளியைப் பார்த்தார்கள். காவலாளி, தான் காதின் பக்கமே போகவில்லை என்று சொல்லி, குற்றத்தை ஒப்புக்கொண்டார்.

இயக்குநர் மாமாவின் காதுமடலிலிருந்த பலகையைக் கழற்றினார். வெல்வெட் உறையில் கரண்டியைப் போட்டு மூடினார். நன்றி கெட்ட காது என்று முணுமுணுத்தபடி ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு நீட்டினார்: 'இக்காதில் கவனத்துக்குரியது எதுவும் இல்லை. இனி இதனால் மையத்துக்கு எவ்விதப் பயனும் இராது.'

முதலாளியம்மா அதை மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார்.

"கவனிக்க ஒண்ணுமே இல்லைன்னு பெரிய ஆபீஸரே எழுதிக் கொடுத்திருக்காரு. இதைவிட நல்ல காது எங்க கிடைக்கும்? நாளைக்கே வந்துடுங்க."

முதல் நாள் பாடத்துக்கு நானும் பின் சீட்டில் போனேன். மாமா கட்டாயப்படுத்தவில்லை, எனக்கே பார்க்கவேண்டும் போலிருந்தது. ஓட்ட வந்தவர் அதே தையல்காரம்மா. விசில்காரரிடம் நான்கு நாள் படித்துவிட்டு, இப்போது தெருவில் எங்கே விசில் கேட்டாலும் கால் உதறுகிறது என்றார்.

கார் கிளம்பிக் கடைத்தெருவுக்குள் நுழைந்தபோது மாமாவின் போன் அடித்தது. அவர் அதை வலது காதில் வைத்தார். பின் சீட்டுவரை கேட்டது இயக்குநரின் குரல்.

"நாங்க யோசிச்சுப் பாத்தோங்க. செல்லுங்க எப்படிக் காணாமப் போச்சுங்கறதுதான் இப்பப் பெரிய கேள்வியே. அதுக்குன்னே ஒரு புதுப் பிரிவு திறக்கறோம். நாளைக்குக் காலையில கிளம்பி வந்துடுங்க. ரெண்டே ரெண்டு கரண்டிதான்."

மாமா ஒவ்வொரு சொல்லையும் தலையசைத்துக் கேட்டுக்கொண்டார்.

"என்னங்க?" என்றார்.

இயக்குநர் முழுவதையும் மறுபடி சொன்னார்.

"ஒண்ணும் கேக்கலீங்க. வலது காது பாருங்க," என்று சொல்லிவிட்டு மாமா போனைச் சட்டைப் பையில் போட்டார்.

அப்போது தையல்காரம்மா, பயத்தில் குரல் உள்ளே போய், தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுபோல், "சார், பிரேக் எதுங்க?" என்றார்.

"நடுவுல இருக்கறதும்மா," என்றார் மாமா.

கார் நின்றது. எதிரே மெத்தைக் கடை வாசலில், எங்கள் கார் வருவதைப் பார்த்துவிட்டுக் கேமராவோடு ஓடிவந்த கடைக்காரர், கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.